நுண்ணுயிர்கொல்லியா, நுண்ணுயிரடக்கியா?

கலைச்சொல் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஆய்வகக் குடுவையில் உயிரணுக்களை வளர்க்கும்போது, கிருமி பெருகாமலிருக்கச் சேர்க்கும் மருந்தான 'ஆன்டிமைக்ரோபியல் சப்ளிமென்ட்' என்பதற்குத் தமிழில் இதுவரை நுண்ணுயிர்கொல்லி, நுண்ணுயிர் எதிர்ப்பி, நுண்ணுயிர்க் காப்பு என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. ஐயா முன்வைத்த 'நுண்ணுயிர்கொல்லி' பலருக்குப் பிடித்திருக்கிறது. சொன்னதும் புரிகிற சொல்தான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி வருவதற்கு முன் சில ஆண்டுகள் இந்த வேலையைக் கையால் செய்தவள் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உயிரணுக்கள் வளரும் திரவமான வளர்ப்பு ஊடகத்தில் சர்க்கரை, அமினோ அமிலம், கன்றின் சீரம் எல்லாம் இருக்கும். 37 டிகிரி வெப்பம் வேறு. மனித உயிரணு ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பாக்டீரியாவுக்கு அரை மணி நேரமே அதிகம். ஒரே ஒரு கிருமி விழுந்தால் மறுநாள் காலை குடுவை கலங்கிப் போயிருக்கும். அதற்காகத்தான் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்து நூறு மடங்கு அடர்த்தியில் வரும் கரைசலை, 500 மில்லிலிட்டர் ஊடகத்துக்கு 5 மில்லிலிட்டர் என்று சேர்க்கிறோம்.

பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைக் கெடுக்கிறது. நம் உயிரணுவுக்குச் சுவரே கிடையாது, அதனால் அது தப்பிக்கிறது. மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவுக்கும் சுவர் கிடையாது என்பதுதான் சிக்கல். 0.2 மைக்ரான் வடிகட்டியிலும் அது நழுவிப் போகும், ஊடகத்தையும் கலங்க வைக்காது. நான் வேலை செய்த ஆய்வகத்தில் எல்லாக் குடுவையிலும் தவறாமல் இந்த மருந்தைச் சேர்த்து வந்தோம். கண்ணுக்குத் தெளிவாக இருந்ததால் சுத்தமாக இருக்கிறது என்றே நம்பினோம். கிருமியின் டிஎன்ஏவைக் கண்டறியும் பிசிஆர் சோதனை செய்த அன்றுதான் தெரிந்தது, மாதக்கணக்கில் மைக்கோபிளாஸ்மாவோடு சேர்த்துத்தான் வளர்த்திருக்கிறோம் என்று. அத்தனை அளவீடுகளையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. 'கொல்லி' என்று பெயர் வைத்தால் புதிதாக வரும் மாணவரும் இதே நம்பிக்கையில்தான் வேலை செய்வார். பெனிசிலின் வளரும் பாக்டீரியாவைக் கொல்லத்தான் செய்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வகை மருந்துகள் எல்லாமே கொல்வதில்லை. சிலவற்றின் முன்னால் கிருமி பெருகாமல் அடங்கிக் கிடக்கும், மருந்தை நிறுத்தினால் மறுபடி தலைதூக்கும்.

இதை ஆய்வகத்துக்கு முன்பே எனக்குச் சொன்னது ரப்பர் தோட்டம். ரப்பர் பாலும் கிருமிக்கு நல்ல தீனிதான். அது பெருகி அமிலம் உண்டாக்கினால் பால் திரிந்து கட்டியாகிவிடும். அதற்காக அமோனியா ஊற்றுவார்கள். தோட்டத்தில் அதற்கும் 'மருந்து' என்றே பெயர். அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். பால் வடியும் மங்குக் கிண்ணத்தையும் வாளியையும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். நான் அவசரப்படுத்தினால், "வாளியைக் கழுவாம மருந்து ஊத்தி என்னம்மா ஆகும்?" என்பார். குடுவையைத் திறக்கும்போது கை சுத்தமாக இல்லையென்றால் பெனிசிலினாலும் ஒன்றும் ஆகாது.

ஆகவே என் பரிந்துரை 'நுண்ணுயிரடக்கி'. பாக்டீரியா அடக்கி, பூஞ்சை அடக்கி என்று பிரித்துக்கொள்ளவும் வசதி. 'எதிர்ப்பி' ஏற்கெனவே ஆன்டிபயாடிக்குக்கு ஊன்றிவிட்டது. நுண்ணுயிரியலாளர் வாக்ஸ்மன் 1940களில் வரையறுத்தபடி ஆன்டிபயாடிக் என்பது நுண்ணுயிர்களே உண்டாக்கும் பொருளைக் குறித்த சொல். நமக்கு வேண்டியது செயற்கைப் பொருளையும் உள்ளடக்கும் விரிந்த சொல். போதாததற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில், கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதமான ஆன்டிபாடி 'எதிர்ப்பொருள்' ஆகிவிட்டது. ஒரே ஆய்வகத்தில் இரண்டும் புழங்கும்போது எதிர்ப்பி எது, எதிர்ப்பொருள் எது என்று தடுமாற்றம் வரும். 'நுண்ணுயிர்க் காப்பு' நுண்ணுயிரைக் காப்பது என்றும் பொருள்படுகிறது. அதை விட்டுவிடலாம்.

சப்ளிமென்டுக்குச் 'சேர்மானம்' போதும். சித்த மருத்துவத்தில் புழங்கிய சொல், சமையலிலும் உண்டு. 'ஊட்டம்' வேண்டவே வேண்டாம். இந்த மருந்து உயிரணுவுக்கு எந்த ஊட்டமும் தருவதில்லை. பூஞ்சைக்காகச் சேர்க்கும் ஆம்போடெரிசின் பி, பூஞ்சைச் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைப் பற்றுகிறது. நம் உயிரணுச் சவ்வில் உள்ள கொலஸ்டிராலும் அதற்கு நெருங்கிய உறவு. அளவு கூடினால் நாம் வளர்ப்பதையே அது பதம் பார்த்துவிடும்.

முழுச்சொல்: நுண்ணுயிரடக்கிச் சேர்மானம். குப்பியின் மேல் எழுத 'அடக்கி' என்ற சுருக்கம் போதும். இலங்கை நண்பர்கள், 'அடக்கி' அங்கே வேறு எதையாவது குறிக்கிறதா என்று சொல்லுங்கள். ஐயா, 'கொல்லி'யை விடக் கூடாது என்பதற்கு உங்களிடம் வேறு காரணம் இருந்தால் அதையும் அறிய விரும்புகிறேன்.