மார்பக அறுவை சிகிச்சை: வீட்டில் செய்துவைத்த ஏற்பாடுகளும் கைப்பயிற்சியும்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஓர் உறுப்பினர்:

இடது மார்பகத்தையும் அக்குளிலிருந்து சில நிணநீர்க் கணுக்களையும் அகற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அறுவை சிகிச்சைக்கு எனக்கு 19 நாள்கள் இருந்தன. அவற்றில் பாதி மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு), காப்புறுதிப் படிவங்களிலேயே கழிந்தது. மீதியை உருப்படியாகப் பயன்படுத்தியதற்கு ஒரு தாதிதான் காரணம். "காயத்தைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள், வீட்டுக்குப் போனதும் கைதான் உங்களைச் சிரமப்படுத்தும்" என்றார் அவர்.

அன்று மாலையே அடுக்களையில் நின்று, இடது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாமல் எதையெல்லாம் எடுக்க முடியாது என்று பார்த்தேன். அரிசி டப்பா, குக்கர், சாமி விளக்கு, மாத்திரைப் பெட்டி என்று அன்றாடம் வேண்டியவை எல்லாம் மேல்தட்டில் இருந்தன. அனைத்தையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம். ஈரத்துணி கோத்த மூங்கில் கழியைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே செருகும் வேலை பல வாரங்களுக்கு ஆகாது என்பதால், கூடத்திலேயே விரித்து வைக்கும் மடக்குக் கொடி ஒன்றை வாங்கினோம். தலைவழியாகப் போடும் நைட்டிகளை ஒதுக்கிவிட்டு, முன்பக்கம் பித்தான் வைத்த தளர்வான பருத்திச் சட்டைகள் நான்கை லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் தைத்து வாங்கினேன்.

அறுவைக் கூடத்துக்குள் நகை எதுவும் கூடாது என்றார்கள். தாலிக்கொடியைக் கழற்றுவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. முதல் நாள் இரவு மாமியாரே தம் கையால் கழற்றிச் சாமி படத்தின் முன் வைத்து, "இது இங்கே பத்திரமாக இருக்கும், நீ போய் வாம்மா" என்றார்.

அறுவை சிகிச்சைக்கு மறுநாளே, காயத்தில் சேரும் திரவத்தை வெளியேற்றும் ஒரு வடிகுழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்சியில் இருக்கைவாருக்கும் மார்புக்கும் நடுவே சிறு தலையணை வைத்துக்கொண்டது மிகவும் உதவியது. காலையும் இரவும் குழாயின் நுனியிலுள்ள குமிழைத் திறந்து, திரவத்தை அளவுக் கோப்பையில் ஊற்றி, நாள்காட்டியில் குறித்தோம். செந்நிறமாக இருந்தது சில நாள்களில் வைக்கோல் நிறத்துக்கு மாறியது. நான்காம் நாள் குழாய் கதவின் கைப்பிடியில் மாட்டி இழுபட்டது. நல்லவேளையாகத் தையல் தாங்கிக்கொண்டது. அதன்பின் சட்டையின் உள்பக்கம் ஒரு துணிப்பையைத் தைத்துக் குமிழை அதற்குள் வைத்தேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் வடிவது 30 மில்லிலிட்டருக்கும் குறைவாக இரண்டு நாள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது என் மருத்துவர் வைத்த எல்லை. 12ஆம் நாள் குழாயை எடுத்தார்கள்.

ஜூரோங்கிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஈசூன் அக்கா கையைப் பற்றி எழுதியதன் மறுபக்கத்தை, இதேபோன்ற அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அம்மாவிடம் கண்டேன். பார்க்க வந்த உறவினர்கள் அனைவரும் "கையை அசைக்காதே" என்றே சொன்னதால், அவர் கையை மடியிலேயே வைத்திருந்தார். மூன்றே வாரங்களில் தோள் இறுகி, தலை சீவ முடியாமல் போனது. உண்மையில், விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது போன்ற எளிய பயிற்சிகளைத் தொடக்கத்திலேயே செய்யும்படிதான் மருத்துவமனையில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பிறகு இயன்முறை சிகிச்சையாளர் சொன்னபடி, சுவரை நோக்கி நின்று விரல்களை மெல்ல மேலே நகர்த்தினார். எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவேன். சில நாள்கள் ஒரு விரற்கடைகூட ஏறாது. ஆனாலும் பழைய கோடுகளைப் பார்த்துவிட்டு மறுநாளும் வந்து நிற்பார். பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி காயம் ஆற வேண்டுமென்று விரால் மீன் சூப் கொண்டுவந்தபோது, பத்தியம் என்று மறுத்துவிடாமல் உணவியல் நிபுணரைக் கேட்டோம். புரதம் நல்லதுதான், தாராளமாகக் குடிக்கட்டும் என்றார்.

உட்லண்ட்ஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போனால் பயந்துவிடாதீர்கள்; அக்குள் வழியாகச் செல்லும் உணர்வு நரம்பு பாதிக்கப்படுவதால் அது பலருக்கும் வருகிறது, எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் காய்ச்சல் வந்தாலோ, காயத்தைச் சுற்றிச் சிவந்து சூடானாலோ, கை வீங்கினாலோ, அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையை அழையுங்கள். நான் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். அதனால் மீண்டும் வார்டில் படுத்து, இரத்தநாளம் வழியாக மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.