புதுப்பிப்பு: நோய்ப் பரவல் மாடல்கள் பற்றி நீங்கள் கேட்டவை

போன இழையில், கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1927-இல் வெளியிட்ட எஸ்ஐஆர் மாடலைப் பற்றி எழுதியிருந்தேன். மக்களை நோய் வரக்கூடியவர்கள், பரப்புகிறவர்கள், மீண்டவர்கள் என மூன்றாகப் பிரித்துக் கணக்குப் போடும் மாடல் அது. அதற்கு வந்த கேள்விகளில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: 95% பேர் தடுப்பூசி போட்ட நாட்டிலும் தட்டம்மை எப்படிப் பரவுகிறது? தட்டம்மை வந்த ஒருவர் சராசரியாக 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைப்பார் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதன்படி 92-94% பேருக்கு நோய் எதிர்ப்பு இருந்தால் பரவல் அடங்கப் போதும். ஆனால் எல்லாரும் எல்லாருடனும் ஒரேபோலப் பழகுகிறார்கள் என்பது இந்தக் கணக்கின் அனுமானம். தடுப்பூசி போடாத குழந்தைகள் ஒரே பள்ளியில் சேர்ந்திருந்தால் நாட்டின் சராசரி அவர்களைக் காப்பாற்றாது. அதனால்தான் வயதுவாரியாக, இடவாரியாகப் பிரித்த மாடல்கள் அவசியம்.

அப்புறம், எந்த நாளில் எத்தனை பேருக்கு நோய் தொடங்கியது என்று காட்டும் வரைபடத்தின் கடைசி நாட்களில் கோடு ஏன் எப்போதும் இறங்குகிறது? ஒருவருக்குத் திங்களன்று காய்ச்சல் தொடங்குகிறது. வியாழனன்று பரிசோதனை. முடிவு பதிவாவது அடுத்த வாரம். அதுவரை அந்தத் திங்களின் எண்ணிக்கையில் அவர் இல்லை. பழைய தாமதங்களின் போக்கை வைத்து, இன்னும் வந்துசேராத எண்ணிக்கையை மதிப்பிடுவதை நவ்காஸ்டிங் என்கிறார்கள். என்னைக் கேட்டால், முன்கணிப்பைவிட முதலில் தேவைப்படுவது இதுதான். இன்றைய நிலையே சரியாகத் தெரியாமல் அடுத்த மாதத்தைக் கணிப்பது ஆபத்து. இறங்குகிறதே என்று நம்பிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் உயிர்கள் போகும்.