மறு: கைனெட்டிக் செயின் – ‘இயக்கச் சங்கிலி’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் எறிவாளர்களின் பாதத்துக்கும் அவர்களுடைய தோள், முழங்கைக் காயங்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உடலின் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு விசை கைமாறிப் போகும் பிணைப்பைக் குறிக்கும் கைனெட்டிக் செயின் (kinetic chain) என்ற சொல் அதில் பத்திக்குப் பத்தி வருகிறது. ‘இயக்கச் சங்கிலி என்று போட்டுவிட்டுப் போங்கள்’ என்று நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதிவிட்டார். மேல்முறையீட்டுக்கு வந்திருக்கிறேன்.

ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோ 1875இல் எந்திர உறுப்புகளின் பிணைப்பை விளக்கியபோது அவர் பேசியது கைனமாட்டிக் செயினைப் பற்றி. அங்கே அசைவுதான் கணக்கு. அதை உண்டாக்கும் விசை கணக்கில் வராது. எலும்பு மருத்துவர் ஆர்தர் ஸ்டைண்ட்லர் 1955இல் மனித உடலைப் பற்றி எழுதும்போது எடுத்தாண்ட சொல் கைனெட்டிக் செயின். இரண்டையும் இயக்கச் சங்கிலி என்றே எழுதினால், எது எதைக் குறிக்கிறது என்று வாசகர் எப்படி அறிவார்?

எறிவாளரின் உடலில் நடப்பதைப் பார்த்தால் விசை என்ற சொல் ஏன் வேண்டும் என்பது விளங்கும். 10 அங்குல உயர மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவுக்கு, 150 கிராம்கூட இல்லாத பந்தை எறிகிறார். பின்பாதம் தரையைத் தள்ளுகிறது. முன்பாதம் எட்டி ஊன்றி, முன்னோக்கி வரும் உடலைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தத் தடுப்பில்தான் விசை இடுப்புக்கு ஏறி, உடற்பகுதியைச் சுழற்றி, தோள்பட்டை வழியாக முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் போகிறது. கடைசிக் கட்டத்தில் தோளின் உட்சுழற்சி நொடிக்குச் சுமார் 7000 பாகை வேகத்தை எட்டும். தோள் தசைகள் தனியாக இதைச் சாதிப்பதில்லை. ஊன்றிய பாதம் தள்ளாடினாலோ கணுக்கால் சரியாக மடங்காவிட்டாலோ கீழிருந்து வரவேண்டிய பங்கு குறைகிறது. பந்தின் வேகத்தைக் குறைக்க எறிவாளருக்கு மனம் வராது. பற்றாக்குறையைக் கையை வைத்து ஈடுகட்டுவார். முழங்கையின் உட்புறத் தசைநார் அந்தக் கடனைக் கட்டும்.

இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் ஆள் டிஸ்ஸி டீன். 1934இல் 30 ஆட்டங்களை வென்ற வலக்கை எறிவாளர். 1937இல், நட்சத்திர வீரர்களைத் திரட்டி நடத்தும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஏர்ல் ஆவெரில் அடித்த பந்து அவருடைய இடது பாதத்தைத் தாக்கி விரலை முறித்தது. முழுதும் ஆறும் முன்பே களத்துக்குத் திரும்பினார். வலிக்கிற பாதத்தில் முழு எடையையும் இறக்காமல் எறியும் முறையை மாற்றிக்கொண்டார். கை கெட்டது, பழைய வேகம் திரும்பவே இல்லை. பாதவிரலில் தொடங்கியது தோளில் போய் முடிந்தது. நமக்கு வேண்டிய சொல் இந்த வழித்தடத்தைக் காட்ட வேண்டும்.

என் பரிந்துரை: விசைத்தொடர்.

‘தொடர் என்றால் வரிசைதானே, சங்கிலி எங்கே இருக்கிறது?’ என்று கேட்பீர்கள். புறநானூறு 74இல் ‘தொடர்ப்படு ஞமலி’ வருகிறது. சங்கிலியால் கட்டப்பட்ட நாய். பழந்தமிழில் தொடர் என்பதே சங்கிலிதான். வரிசை, பிணைப்பு இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறு எதற்கு? (அந்தப் பாட்டைப் பாடிய சேரனின் பெயரிலேயே கணைக்கால் இருப்பது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.)

ஸ்டைண்ட்லர் பிரித்த இரு வகைகளை ‘மூடிய’, ‘திறந்த’ என்று பெயர்க்க வேண்டாம் என்பேன். கதவு நினைவுக்கு வருகிறது. பாதம் தரையில் பதிந்திருப்பது முனை ஊன்றிய விசைத்தொடர். பந்தோடு காற்றில் சுழலும் கை முனை விட்ட விசைத்தொடர். நீளம்தான், ஆனால் விளக்கம் தேவைப்படாது.

இன்னொரு சிக்கல், கால். நமக்கு இடுப்பிலிருந்து விரல்வரை எல்லாமே கால்தான். இந்தக் கட்டுரையில் அது உதவாது; பாதத்தின் வளைவையும் தொடையின் வலிமையையும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆகவே பாதம் என்றே எழுதுகிறேன். முன்னே எட்டி வைக்கும் காலுக்கு ‘எட்டுக்கால்’ என்று முதலில் குறித்துவைத்தேன். மறுநாள் படித்தபோது பூச்சி ஊர்ந்தது. இப்போது தரையைத் தள்ளும் பின்காலுக்கு உந்துகால், எட்டி வைக்கும் முன்காலுக்கு ஊன்றுகால் என்று மாற்றிவிட்டேன்.

உங்கள் கருத்து?

மறுமொழி 1:

விசைத்தொடர் நல்ல சொல். ஆனால் விளையாட்டுப் பக்கத்தில் தொடர் என்றால் போட்டித் தொடர். ‘தொடர் முறிந்ததால் எறிவாளருக்குக் காயம்’ என்று எழுதினால், போட்டி நின்றுபோனதில் இவருக்கு என்ன காயம் என்று கேட்பார்கள். ‘பாதம்’ வடசொல், ‘அடி’ இருக்கிறதே?

மறுமொழி 2:

அடியை வைத்து டீன் கதையைச் சொல்லிப் பாருங்கள்: ‘60 அடிக்கு அப்பாலிருந்து அடித்த பந்து அடியில் பட்டு அடி விழுந்தது.’ பாதமே இருக்கட்டும்.

என் ஐயம் ‘எறிகை’ பற்றி. முந்தைய வரைவில் எறியும் கைக்கு அதைத்தான் பயன்படுத்தியிருந்தீர்கள். வருகை, செய்கை போல அது எறிதலையே குறிக்கும் தொழிற்பெயராகவும் நிற்கிறதே. ‘எறிகைக் காயம்’ என்றால் கையில் பட்டதா, எறிந்ததால் பட்டதா?

முதல் மடல் எழுதியவர்:

எறிகையை எடுத்துவிடுகிறேன், ‘எறியும் கை’ என்று இரண்டு சொல்லாகவே இருக்கட்டும். தொடர் குழப்பம் நியாயமானது. முன்னொட்டை எங்கும் விடாமல் ‘விசைத்தொடர் முறிவு’ என்று முழுதாகவே எழுதுவேன். தலைப்பில் இடம் போதாவிட்டால் தலைப்பைத்தான் மாற்ற வேண்டும். தோள்பட்டை எலும்புக்கு எதை வைப்பது என்று நாளை தனி மடலில் கேட்கிறேன்.