பம்ப் பிரஷர் சென்சார் மாற்றியும் அதே எரர்

வணக்கம் அண்ணன்மார்களே. கரூர் பக்கம் ஒரு கல்குவாரியில் ஓடும் 20 டன் எக்ஸ்கவேட்டர். காலையில் நன்றாக ஓடுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து, ஆயில் சூடானதும், ஹைட்ராலிக் பம்பின் பிரஷர் சென்சார் எரர் வருகிறது. பூமை (வண்டியின் பெரிய கையை) தூக்கும்போது இன்ஜின் திணறுகிறது.

கேஜ் மாட்டிப் பார்த்தேன். ரிலீஃபில் (அதிக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு திறக்கும் நிலையில்) 340 பார் ஆடாமல் நிற்கிறது, அதனால் பம்பை நான் சந்தேகப்படவில்லை. சென்சாருக்கு 5 வோல்ட் சரியாக வருகிறது. லோடு இல்லாதபோது சிக்னல் ஒயரில் 0.5 வோல்ட்டுக்குச் சற்று மேல். எரர் வரும் நொடியில் சட்டென்று 0. புது சென்சாரும் போட்டாயிற்று. அப்புறம் பக்கத்து பம்பின் சென்சாரோடு மாற்றிப் போட்டும் பார்த்தேன். எரர் பழைய லைனிலேயே நிற்கிறது. கனெக்டரில் ஒரு பின் பச்சை பூத்து, ஒயர் முனை கறுத்திருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் ஒரு நாள் தாங்கியது, அவ்வளவுதான்.

இனி ஒயரிங்தான் என்று தோன்றுகிறது. ஹார்னஸ் (ஒயர் கட்டு) முழுவதையும் பிரிக்காமல், சென்சாரிலிருந்து கன்ட்ரோலர் வரை தனி சிக்னல் ஒயர் இழுத்துச் சோதிக்கலாமா? இந்த அளவு வண்டிகளில் ஹார்னஸ் வழக்கமாக எங்கே உரசித் தேயும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஆபரேட்டர் தம்பி நான்கு நாளாக வேலையின்றி உட்கார்ந்திருக்கிறான்.