கொடை வரியும் போலீஸ் மனுவும்

குழு: மேலத்தெரு மாடசாமி கொடை

சுடலைமுத்து: எல்லோருக்கும் வணக்கம். நம் கோவில் கொடைத் திருவிழாவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. பந்தல்காரர் முன்பணம் கேட்டுக் காலையிலேயே வாசலில் நிற்கிறார். கொடைக்காகப் பிரித்த வரிப்பணம் 1,86,000 ரூபாய் குமாரிடம் இருக்கிறது. அவனோ போனை எடுப்பதில்லை. நாளைக்கு ஸ்டேஷனில் மனு கொடுக்கப்போகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

செல்லம் அத்தை: அவனிடம் கொடுக்காதே என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

ராஜா துபாய்: அத்தை எதைத்தான் அன்றைக்கே சொல்லவில்லை

ஆறுமுகம் மாமா: பொறு மாப்பிள்ளை. கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து இப்படிப்பட்ட கட்டுகளை அலமாரி அலமாரியாகப் பார்த்தவன் சொல்கிறேன். பணம் திரும்பி வராததெல்லாம் குற்றம் ஆகிவிடாது. கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவன் மேல் சிவில் வழக்குத்தான் போடலாம். குற்றம் என்றால் நேர்மை கெட்ட எண்ணம் இருக்க வேண்டும். ஏமாற்றுதல் என்றால் கைநீட்டி வாங்கும்போதே அந்த எண்ணம் இருந்திருக்க வேண்டும். நம்பிக்கை மோசடி என்றால் நம்பி ஒப்படைத்ததைக் கெட்ட எண்ணத்தோடு தனக்கென்று எடுத்திருக்க வேண்டும். முன்பு அது இந்திய தண்டனைச் சட்டத்தில் 406ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 316. பழைய சட்டத்தில் மூன்று வருடம், இப்போது ஐந்து வருடம் வரை சிறை. தாமதம் வேறு, மோசடி வேறு.

சுடலைமுத்து: ஒப்படைத்ததை வைத்துக்கொண்டானே

ஆறுமுகம் மாமா: வைத்துக்கொண்டானா, எடுத்துக்கொண்டானா? அது தெரியாமல் மனு எழுதக் கூடாது.

ராஜா துபாய்: மாமா வாய்தா வாங்கிவிட்டார்

பேச்சி சித்தி: வில்லுப்பாட்டுக்கு யாரைச் சொல்லியிருக்கிறீர்கள்? போன வருடம் வந்தவர்கள் கதையில் சுடலைமாடசாமி பிறப்பதற்கு முன்பே டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள்.

சுடலைமுத்து: இந்த வருடம் வேறு ஆட்கள் சித்தி. அவர்களுக்கும் முன்பணம் வேண்டும்.

சுடலைமுத்து: மாமா, செக் திரும்பினால் மட்டும் கிரிமினல் வழக்குப் போடுகிறார்களே. அதுவும் வெறும் பணம்தானே?

ஆறுமுகம் மாமா: நல்ல கேள்வி. 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் செக்குக்கான அந்த 138ஆம் பிரிவை 1988இல்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். செக்கை நம்பி வியாபாரம் நடக்க வேண்டும் என்பதற்காக. அதிலும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு பதினைந்து நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. பெயர்தான் கிரிமினல், வேலை எல்லாம் வசூல் வேலை. சாமி பணத்துக்கும் போலீஸை வசூலுக்கு அனுப்பப் பார்க்கிறாய். எப்.ஐ.ஆர். விழுந்துவிட்டால் வழக்கு அரசாங்கத்துக்கும் அவனுக்கும். பிறகு நீ சமாதானமாகப் போகலாம் என்றாலும் கோர்ட் அனுமதிக்க வேண்டும். கையில் விலங்கு மாட்டும் அதிகாரத்தை எதற்கெல்லாம் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா? 1908இல் இதே திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு நாற்பது வருடம் எழுதினாரே, எதற்கு? ராஜதுரோகமாகப் பேசினார் என்று இருபது, சுப்பிரமணிய சிவாவுக்கு இடம் கொடுத்து உடந்தையாக இருந்தார் என்று இருபது. ஆள்பவனுக்குப் பிடிக்காததெல்லாம் குற்றம்

ராஜா துபாய்: குமார் வ.உ.சி. ஆகிவிட்டானா? அவர் கப்பல் விட்டார் மாமா. இவன் போனை அணைத்துவிட்டான்.

வேணி: மாமா, ஒன்று கேட்கிறேன். சித்தப்பா பேச்சி சித்தியை அடித்தபோது "வீட்டு விஷயம், ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது" என்று சொன்னது யார்?

செல்லம் அத்தை: அந்தக் கதை இப்போது எதற்கு

வேணி: கதை இல்லை அத்தை. கணவன் செய்யும் கொடுமை குற்றம் என்று 1983இலேயே பழைய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு வந்துவிட்டது. வீட்டுக்குள் நடப்பது என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டதால்தான் சட்டம் உள்ளே வர வேண்டியிருந்தது. பந்தல் காசு என்றால் மறுநாளே மனு. கை எலும்பு முறிந்தால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமா?

பேச்சி சித்தி: விடு வேணி.

பேச்சி சித்தி: கை இல்லை. தோள்பட்டை.

ஆறுமுகம் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஆறுமுகம் மாமா: அன்றைக்கு இருந்த நிலைமை வேறு. அடுத்தவர் உடம்பில் கை வைப்பது குற்றம்தான், அதை யார் மறுத்தார்கள்? இது கணக்கு வழக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

வேணி: தராசு அன்றைக்கு எங்கே இருந்தது மாமா?

சுடலைமுத்து: வேணி, பந்தல் விஷயத்துக்கு வா

ராஜா துபாய்: சட்டத்தை அப்படியே பிடித்தால் இந்தக் குழுவில் பாதிப் பேர் உள்ளே இருக்க வேண்டும். 1961 வரதட்சணைச் சட்டத்தில் வாங்கியவர் மட்டும் இல்லை, கொடுத்தவரும் குற்றவாளி. ஐந்து வருடத்துக்குக் குறையாது.

செல்லம் அத்தை: என் வீட்டில் கொடுத்தது சீர்.

ராஜா துபாய்: ஸ்கூட்டரும் சீர்தானா? மாமா, அத்தை கல்யாணத்தில் எங்கள் தாத்தா உங்களுக்குப் பாக்கி வைத்த ஐந்து பவுன் சிவிலா, கிரிமினலா?

ஆறுமுகம் மாமா: அது காலாவதி ஆகிவிட்டது.

செல்லம் அத்தை: எங்கே ஆனது? ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிக்காட்டுகிறாரே!

குமார்: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன். எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சுடலைமுத்து: போனை எடு

குமார்: 1,20,000 என் கணக்கில் அப்படியே இருக்கிறது. படம் அனுப்புகிறேன். மீதி 66,000 எங்கே என்று அத்தையிடம் கேளுங்கள். மாடிக்குக் கான்கிரீட் போடும் அன்று கொத்தனார் நிற்கிறார், ஒரு வாரத்தில் தருகிறேன் என்று வாங்கினார்கள். மாமாவிடம் சொல்லாதே என்றார்கள். சொல்லவில்லை. அண்ணனிடம் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் போனை எடுக்கவில்லை.

ராஜா துபாய்: ஐயோ

ஆறுமுகம் மாமா: செல்லம், இது என்ன?

வேணி: மாமா ஹாலில் இருந்து அனுப்புகிறார், அத்தை அடுப்படியில் இருக்கிறார்

செல்லம் அத்தை: இங்கே சிக்னல் சரியில்லை.

சுடலைமுத்து: மாமா, கோவில் பணம் என்று தெரிந்தே வாங்கியவருக்கு எந்தப் பிரிவு?

ஆறுமுகம் மாமா: திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு வாங்கியது, எனவே

வேணி: நம்பி ஒப்படைத்ததைத் தான் எடுத்தாலும் பிறருக்குக் கொடுத்தாலும் 316 உண்டு மாமா. நீங்கள் சொல்லும்போது பாதியை விட்டுவிட்டீர்கள்.

ஆறுமுகம் மாமா: அதற்கும் கெட்ட எண்ணம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நேரில் பேசுவோம். எழுத்தில் வேண்டாம்.

சுடலைமுத்து: மனுவை எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறு வரை பொறுக்கிறேன். அதற்கு மேல் சொல்ல முடியாது.

பேச்சி சித்தி: அத்தை பெயரையும் எழுதியிருக்கிறாயா?

சுடலைமுத்து: இன்னும் இல்லை

ராஜா துபாய்: பந்தலுக்கு இப்போதைக்கு நான் 20,000 அனுப்புகிறேன். பிறகு கழித்துக்கொள்ளலாம். யாருக்கு அனுப்ப வேண்டும்?

குமார்: எனக்கே அனுப்புங்கள் அண்ணன், நான் கொடுத்துவிடுகிறேன்.

சுடலைமுத்து: பந்தல்காரர் நம்பர் தருகிறேன் ராஜா. நேரே அவருக்கு அனுப்பு.