பழைய எம்எம்540 ஜீப்: எல்.இ.டி. பல்பு போட்டும் பனியில் ரோடு தெரியவில்லை, உதவி தேவை

போடி ஜீப்:
அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி மஹிந்திரா எம்எம்540, 1992 மாடல். அப்பா ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஓட்டிய வண்டி, இப்போது நான் ஓட்டுகிறேன். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவு, அதில் பனி இறங்கிவிட்டால் ஹெட்லைட் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது, அவ்வளவு மங்கல். கடையில் சொன்னார்களென்று ஹெச்4 (பிரைட், டிம் இரண்டும் ஒரே பல்பில் வரும் வகை) எல்.இ.டி. பல்பு ஒரு ஜோடி மாட்டினேன். வெளிச்சம் பளிச்சென்றுதான் வந்தது. ஆனால் பனிக்குள் போனதும் முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டியது மாதிரி ஆகிவிடுகிறது, எதிரே வருகிற லாரிக்காரர்கள் வேறு டிம் பண்ணு டிம் பண்ணு என்று லைட் அடிக்கிறார்கள், நான் டிம்மில்தான் வருகிறேன். பேசாமல் 100/90 வாட் (பிரைட் 100, டிம் 90) பல்பு போட்டுவிடட்டுமா? ஆட்களை ஏற்றிக்கொண்டு வளைவு தெரியாமல் திரும்பப் பயமாக இருக்கிறது.

குன்னூர் ஒயரிங்:
தம்பி, 100/90 வேண்டவே வேண்டாம். பழைய ஒயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டைத் தாங்காது, ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சும் கருத்துப்போகும், சட்டப்படியும் ரோட்டில் ஓட்டக் கூடாது. எல்.இ.டி.யையும் கழற்றிவிடுங்கள். ஹெச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே சின்னதாக ஒரு தகடு இருக்கும், மேலே ஏறுகிற வெளிச்சத்தை மறைப்பது அதுதான். எல்.இ.டி.யில் சிப் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தாலும் அந்த அளவு கெட்டு, வெளிச்சம் மேலே சிதறிப் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

பழையபடி 60/55 வாட் ஹாலஜன் போட்டு, இஞ்சினை ஓடவிட்டு, லைட் எரியும்போதே பல்பு பின்னில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் எவ்வளவு வோல்ட், பல்பில் எவ்வளவு? அதைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

போடி ஜீப்:
பார்த்தேன் அண்ணா. பேட்டரியில் 13.8, பல்பில் 10.9தான். காலால் மிதிக்கிற டிம்மர் சுவிட்ச் தொட்டால் சுடுகிறது. இடது ஹோல்டர் பழுப்பேறி ஒரு ஓரம் உருகியிருக்கிறது.

குன்னூர் ஒயரிங்:
அதுதான் நோய். வோல்ட் ஐந்தில் ஒரு பங்குதானே குறைகிறது என்று நினைக்காதீர்கள், ஹாலஜனில் அந்தக் குறைவுக்கு வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டு பல்புக்கும் சேர்த்து ஒன்பது ஆம்பியர் முழுவதும் அந்தப் பழைய சுவிட்ச் வழியாகவே போகிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வையுங்கள். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு 2.5 சதுர மி.மீ. ஒயரில் ரிலேயின் 30ஆம் எண் முனைக்கு, 87லிருந்து பல்புக்கு, பழைய லைட் ஒயர் 86க்கு, 85 எர்த்துக்கு. ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். ஹோல்டர் இரண்டையும் பீங்கானில் மாற்றுங்கள். எர்த் போல்ட்டை மறக்காதீர்கள், பழைய ஜீப்பில் பாதிக் கோளாறு அங்கேதான்.

வால்பாறை டிரைவர்:
ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். 7 இஞ்ச் ரிஃப்ளெக்டர் மாற்றினால் நம்மூர் ரோட்டுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். அமெரிக்க ஜீப்புக்கான செட் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் வெளிச்சம் வலப்பக்கம் தூக்கி அடிக்கும், எதிரே வருபவன் கண் கூசிப்போவான். பனிக்கென்றால் பம்பருக்குக் கீழே மஞ்சள் ஃபாக் லைட் ஒரு ஜோடி, தாழ்த்திக் கட்டுங்கள். பனியில் பிரைட் போடவே கூடாது.

போடி ஜீப்:
முடித்துவிட்டேன். மட்கார்டு உள்பக்கம் எர்த் போல்ட்டைக் கழற்றினால் ஒயர் முனை முழுக்கப் பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தது, உப்புத்தாளால் தேய்த்துப் புது முனை அடித்தேன். இப்போது பல்பில் 13.3 வருகிறது. அதே 60/55 பல்புதான். நேற்று ராத்திரி ஏறினேன், வளைவில் ஓரக் கல் தனித்தனியாகத் தெரிந்தது. லோடு ஏற்றினால் மட்டும் வெளிச்சம் மேலே போகிறது.

வால்பாறை டிரைவர்:
பின்னால் எடை உட்கார்ந்தால் மூக்கு தூக்கும், அதனால் வழக்கமாக ஏற்றும் லோடோடு சமதரையில் நிறுத்தி, 10 மீட்டர் தள்ளி ஒரு சுவரில் டிம்மை அடியுங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு பல்பு உயரத்திலிருந்து 10 செ.மீ. கீழே விழ வேண்டும்.