கியூபிட் எஞ்சினில் வேலை பாதிதான் வருகிறது, எங்கே கசிகிறது?

கேள்வி: கியூபிட்டை அளந்து, அதன் ஆற்றலை வேலையாக எடுக்கும் எஞ்சின் இது. கியூபிட் 5 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மான் (மீக்கடத்திச் சுற்றாலானது). கிளர்ந்த நிலை 20%, தரை நிலை 80% என்று வெப்பக் கலவையாகத் தயார் செய்து, அளந்து, 'கிளர்ந்தது' என வந்தால் மட்டும் பை-பல்ஸ் (தரை, கிளர்ந்த நிலைகளைப் புரட்டிப் போடும் பல்ஸ்). சுற்றுக்கு 0.2 குவாண்டம் (இரு நிலைகளின் ஆற்றல் இடைவெளி ஒரு குவாண்டம்) வரணும்; வருவது 0.11. டி1 (கிளர்ந்த நிலை தானே விழும் சராசரி ஆயுள்) 30 மைக்ரோசெகண்ட், அளவீட்டுப் பிழை இரு பக்கமும் 5%, அளந்து முடித்துப் பல்ஸ் போக 3 மைக்ரோசெகண்ட். பல்ஸில் பழுதில்லை, பார்த்தாச்சு. இன்னொன்று: அளவீட்டு முடிவை வைத்திருக்கும் மெமரியை அழிக்கிற செலவைக் கழிக்கணுமா?

பதில் 1: உங்கள் எண்களுக்கு 0.11 சரியான விடைதான். 100 சுற்றில் கிளர்ந்தவை 20, 19 பிடிபடும். தரையிலுள்ள 80-ல் 4 பொய்யாகச் சிக்கும். காத்திருக்கும் நேரத்தில் அந்த 19-ல் 9.5%, அதாவது 1.8, தானே விழுந்துவிடும். வரவு 17.2. மீதி 5.8-ல் பல்ஸ் கியூபிட்டை மேலே ஏற்றுவதால் அது செலவு. மிச்சம் 11.4. தவறான பல்ஸ் ஒவ்வொன்றும் கைக்காசையும் பிடுங்கும்.

முடிவைக் கணினிக்கு அனுப்பாமல் எஃப்பிஜிஏ-விலேயே (கருவியிலுள்ள, நிரலிடக்கூடிய வேகமான சிப்) எடுத்து, தாமதத்தை 0.5 மைக்ரோசெகண்ட் ஆக்குங்கள்: 14.4 வரும். பிறகு த்ரெஷோல்ட், அதாவது 'கிளர்ந்தது', 'தரை' என்று பிரிக்கும் எல்லைக்கோடு. அளவீட்டு சிக்னலின் ஹிஸ்டோகிராமில் இரு நிலைகளுக்கான இரு மேடுகளுக்கு நட்டநடுவில்தான் வைத்திருப்பீர்கள். 80-க்கு 20 கலவைக்கு அது தப்பு. பல்ஸ் போகும் கணத்தில் 'கிளர்ந்தது' என்பதற்கு வாய்ப்பு பாதியைத் தாண்டும் இடத்தில் வையுங்கள். உங்கள் மேடுகளின் இடைவெளி 3.3 சிக்மா (சிக்மா என்பது ஒரு மேட்டின் பரவல்), அதனால் கிளர்ந்த பக்கமாக 0.42 சிக்மா நகர்த்தினால் போதும். பொய் 2%, தவறவிடுவது 11% ஆகும். ஃபிடலிட்டி (அளவீட்டுத் துல்லியம்) எண் குறையும், வேலை 15.7 ஆகக் கூடும்.

கேட்டவர்: இரண்டும் செய்தாச்சு. 13-ஐத் தாண்டல. பல்ஸ் தனியாக ஓட்டினால் சரி, அளவீட்டுக்குப் பின்னால் வைத்தால் சொதப்புது.

பதில் 2: கியூபிட்டை அளக்க உதவும் ரெசனேட்டரில் (மைக்ரோவேவ் ஒத்ததிர்வுச் சுற்று) ஃபோட்டான்கள் காலியாகியிருக்காது. அதன் பட்டை அகலம் எவ்வளவு? 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஃபோட்டான் ஆயுள் 0.16 மைக்ரோசெகண்ட்; 0.5-ல் இன்னும் 4% மிச்சம். அது கியூபிட் அதிர்வெண்ணை நகர்த்திவிடும், பல்ஸ் குறி தப்பும். ரீட்-அவுட் பல்ஸுக்குப் பின் ராம்சே (கியூபிட் அதிர்வெண்ணை அளக்கும் சோதனை) ஓட்டினால் நகர்வு தெரிந்துவிடும். எதிர்க்கட்டத்தில் குட்டிப் பல்ஸ் கொடுத்துக் காலி செய்யலாம், ஆனால் ட்யூன் பண்ணுவது தலைவலி. பேசாமல் 0.8 மைக்ரோசெகண்ட் வரை காத்திருங்க: டி1 இழப்பு சேர்ந்தும் 15.3 கிடைக்கும்.

மெமரி விஷயம்: பிட்டை அறை வெப்பத்தில் அழித்தால் லாண்டவர் எல்லை (அழிக்க ஆகும் குறைந்தபட்ச ஆற்றல்) 2.9 × 10⁻²¹ ஜூல். உங்கள் குவாண்டம் 3.3 × 10⁻²⁴. கிட்டத்தட்ட 870 மடங்கு! கழித்தால் எதுவும் மிஞ்சாது. எடுத்த வேலையை மட்டும் போடுங்க, 'நிகரத் திறன்' என்று தலைப்பு வைக்காதீங்க.

கேட்டவர்: பட்டை அகலம் 1.1 மெகாஹெர்ட்ஸ். 0.8 வைத்ததும் 15.1 வந்துடுச்சு.